எந்தப் பக்கம் மேடம்?

சி.டி. ஸ்கேன் படத்தில் இடதும் வலதும் மாறிக் கிடக்கும். படுத்திருப்பவரின் காலடியில் நின்று பார்ப்பது போன்ற கோணம் அது. நமக்கு இடக்கைப் பக்கம் தெரிவது அவருடைய வலது மூளை. அந்த வலது மூளையின் பொறுப்பில் இருப்பதோ உடம்பின் இடது பாதி. இப்படி இரண்டு தடவை மனசுக்குள் திருப்பிப் போட்ட பிறகுதான், "அடைப்பு எந்தப் பக்கம் மேடம்?" என்று கேட்கிற மகனுக்கு ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்து விரல் வைத்துக் காட்ட முடியும். ரத்தம் கசிந்திருந்தால் அந்த இடம் வெள்ளை. அடைத்திருந்தால் கறுப்பு, அதுவும் நேரம் ஆக ஆகத்தான் கறுக்கும். விழுந்தவுடன் எடுத்த படத்தில் ஒன்றுமே தெரியாமல் போவதும் உண்டு.

மதுரையில் மருத்துவமனை வார்டிலும் வீடு வீடாகவும் பிசியோதெரபி செய்கிறேன். என் பிழைப்பில் பெரும்பங்கு பக்கவாதம்தான். கை கால் விழுந்த வீட்டில் முதல் கேள்வி பக்கத்தைப் பற்றி. இரண்டாவது, "கை எப்ப மேடம் வரும்?" புறா ரத்தம் தேய்க்கலாமா என்பது மூன்றாவது. வேண்டாம் என்று சொல்வேன். நான் படியிறங்கிய பிறகு தேய்ப்பார்கள், மறுநாள் தலையணை உறையில் கறை இருக்கும். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர் அபூர்வம். பயிற்சிக்கு ஒத்துழைக்காத ஆளை வீட்டில் வீம்பு பிடிக்கிறார் என்பார்கள். வார்டில் கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதாவதொரு கட்டத்தில் மனச்சோர்வு வருகிறது. அப்படி வந்தவர்கள் எழுந்து நடக்கத் தாமதமாகிறது; அவர்களிடையே இறப்பும் கூடுதல். "கை கால் விழுந்தா கவலை வராம என்ன செய்யும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் பயிற்சி அறையில் இதற்கான பதில் தினமும் அருகருகே உட்கார்ந்திருக்கும். ஒரு பெஞ்சில் இடுப்பு எலும்பு முறிந்த பாட்டி, அடுத்த பெஞ்சில் பக்கவாதம் வந்த தாத்தா. இரண்டு பேருக்கும் தானாக எழுந்து நிற்க முடியாது, இரண்டு பேரையும் கக்கூஸுக்கு ஒருவர் கூட்டிப் போக வேண்டும். ஆனால் பாட்டி என்னைத் திட்டுவாள், மருமகளைத் திட்டுவாள், காபியில் சர்க்கரை போதவில்லை என்பாள். தாத்தா கப்பிக் கயிற்றைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதே ஒப்பீட்டை 1977-லேயே அமெரிக்காவில் செய்திருக்கிறார்கள். மறதி நோயாளிகளைச் சோதிக்க இன்றும் பயன்படும் எம்.எம்.எஸ்.இ. வினாத்தாளை உருவாக்கிய மார்ஷல் ஃபோல்ஸ்டீனும் அவருடைய கூட்டாளிகளும், 20 பக்கவாத நோயாளிகளையும் அதே அளவு முடங்கிப்போன 10 எலும்பு நோயாளிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முதல் கூட்டத்தில் 45 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு, இரண்டாவதில் 10 சதவீதம். ஆட்கள் குறைவுதான். ஆனாலும் முடங்கிய துக்கம் மட்டுமே காரணமென்றால் இந்த வித்தியாசம் வந்திருக்கக் கூடாது. மூளையில் அடிபட்டதே மனநிலையைக் கலைக்கிறது என்ற எண்ணம் அங்கிருந்து வலுத்தது. மூளை என்றால், மூளையில் எங்கே?

பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராபர்ட் ராபின்சன் என்ற மனநல மருத்துவர் இதை எலியிலிருந்து ஆரம்பித்தார். 1970-களில் எலிகளின் மூளைக்குப் போகும் நடுத்தமனியைக் கட்டிப் பார்த்தார். வலது பக்கம் கட்டிய எலிகள் வாரக்கணக்கில் நிலைகொள்ளாமல் ஓடின. இடது பக்கம் கட்டிய எலிகளுக்கு அப்படி ஆகவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றல்ல என்ற அந்தச் சந்தேகத்தோடு மனிதர்களிடம் வந்தார். 1984-ல் அவர் குழு வெளியிட்ட கட்டுரை சொன்னது இது: அடி இடது மூளையின் முன்பக்கம் விழுந்தால் மனச்சோர்வு அதிகம், முன்முனைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு கடுமை. அழகான முடிவு. ஸ்கேலை வைத்து அளந்தால் துக்கத்தின் அளவு வந்துவிடும். நான் படித்த காலத்தில் 'இடது முன்மடல் என்றால் மனச்சோர்வு' என்று மனப்பாடம் செய்துதான் பரீட்சை எழுதினோம்.

வேலைக்கு வந்த பிறகு அது பிடிகொடுக்கவில்லை. இடது முன்பக்கம் பெரிய கறுப்போடு வந்த ஆள் மூன்றாம் நாளே நர்ஸிடம் சைகையில் வம்பு பண்ணிக்கொண்டிருப்பார். வலது பக்கம் சின்னதாக அடைத்தவர் சோற்றைத் தொட மாட்டார். என் வார்டு மட்டும் விதிவிலக்கு என்று நினைக்கத் தேவையிருக்கவில்லை. 2000-ல் ஆலன் கார்சனும் சகாக்களும் அதுவரை வந்த ஆய்வறிக்கைகளில் 48-ஐ எடுத்து அலசி 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 38 அறிக்கைகளில் இடத்துக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பே தெரியவில்லை. இடது பக்கம் என்றவை இரண்டு, வலது பக்கம் என்றவை ஏழு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் வலது மூளையோடு ஒப்பிடும்போது இடது மூளைக்காரரின் ஆபத்து விகிதம் 0.95. ஒன்று என்றால் இரண்டும் சமம், 0.95 என்பது சமம்தான்.

ராபின்சன் தரப்பு விடவில்லை. எப்போது கேட்டீர்கள் என்பது முக்கியம், விழுந்த முதல் வாரங்களில் கேட்டால்தான் இடது பக்கத் தொடர்பு தெரியும் என்றார்கள். இன்னொரு தரப்பு, ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்டால் வலது பக்கம் மேலே வருகிறது என்றது. எனக்கு இந்தச் சண்டையில் வேறொன்று உறுத்தியது. யாரைக் கேட்டீர்கள்? பேச்சைப் புரிந்துகொள்ள முடியாத, பதில் சொல்ல முடியாத நோயாளிகளைப் பல ஆய்வுகளில் ஆரம்பத்திலேயே கழித்துவிட்டார்கள். பேச்சு பெரும்பாலானோருக்கு இடது மூளையில் இருக்கிறது. இடது பக்கம் பலமாக அடிபட்டவர்களை வெளியே நிறுத்திவிட்டு, இடது பக்கம் துக்கம் வருமா என்று உள்ளே இருந்தவர்களிடம் விசாரித்திருக்கிறார்கள்.

அரிசி மில்லில் கணக்கு எழுதிய பெரியவர் ஒருவர் எனக்கு இதில் பெரிய பாடம். வலது கை கால் விழுந்து பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது 'அதுதான்' என்ற ஒரே சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வேண்டாமென்றாலும் அதுதான். ஆனால் அதை அவர் சொல்கிற விதம் இருக்கிறதே! கேள்வியாக ஏற்றுவார், கோபத்தில் வெட்டுவார், மனைவியைக் கிண்டல் பண்ண இழுப்பார். பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கு வலது மூளை பெரிதும் வேண்டும். அது அவருக்குச் சேதமில்லாமல் இருந்தது. அந்த ஒரு சொல்லை வைத்தே மனைவியும் அவரும் வீட்டு விவகாரம் முழுவதும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். மூன்று மாதம் போல இருக்கும். கால் தேறி, நாலுகால் குச்சியோடு திண்ணை வரை வந்துவிட்டார். அப்போதுதான் ஏற்ற இறக்கம் நின்றது. எதைக் கேட்டாலும் ஒரே மட்டத்தில் அதுதான். சவரத்துக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்பினார். மில்லிலிருந்து பார்க்க வந்தவர்களுக்கு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவரிடம் எந்த வினாத்தாளை நீட்டுவது? வழக்கமாகக் கேட்கிற பி.எச்.கியூ-9-ல் கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, சோர்வு உண்டா என்று ஒன்பது கேள்விகள். பேச முடிந்தவருக்கே அதில் சிக்கல் உண்டு. தூக்கமும் பசியும் சோர்வும் பக்கவாதத்தாலேயே கெடும். பேச முடியாதவர்களுக்காக நாட்டிங்ஹாமில் 1998-ல் ஒரு வினாத்தாள் உருவாக்கினார்கள். அதை நோயாளி நிரப்ப வேண்டாம், கூட இருப்பவர் நிரப்பலாம். திடீரென அழுகிறாரா, கண்ணைப் பார்ப்பதைத் தவிர்க்கிறாரா, நாலு பேர் கூடுமிடத்துக்கு வர மறுக்கிறாரா, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாரா, இந்த மாதிரி. திண்ணையில் உட்கார்ந்து மனைவியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். "ஆமா மேடம்" என்றார் எல்லாவற்றுக்கும். பிறகு அவராகவே ஒன்று சேர்த்தார்: "சாப்பாடு நான் ஊட்டும்போது கதவச் சாத்தச் சொல்லிக் கையக் காட்டுறாரு."

இந்தக் கதவு விஷயம் மேல்நாட்டு ஆய்வுகளில் இருக்காது. இடது மூளை அடிபட்டால் போவது வலது கை. சோறு பிசைகிற கை, விபூதி வாங்குகிற கை, பணம் கொடுக்கிற கை, கும்பிட்டு ஆசீர்வாதம் பண்ணுகிற கை. இடது கையில் ஸ்பூன் பிடிக்க ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம். பந்தியில் பத்துப் பேர் முன்னால் இடது கையால் சாப்பிட வைக்க என்னால் ஆகாது. பேத்தி காதுகுத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். வலது மூளை அடிபட்டு இடது கை போனவருக்கு அவமானம் வேறு வாசல் வழியாக வரும். கால் கழுவுகிற கை அது. அது போனால் சாப்பிடுகிற கையாலேயே கழுவ வேண்டும், இல்லை மகளோ மருமகளோ கழுவிவிட வேண்டும். சோப்புப் போட்டு எத்தனை தடவை தேய்த்தாலும் அந்தக் கையைச் சோற்றில் வைக்க மனசு வராமல் பட்டினி கிடந்த அம்மா ஒருவர் இருந்தார். எல்லோரும் 'பசி இல்லை' என்று எழுதினார்கள். இந்த மாதிரி வீட்டில் ஆய்வு செய்தால் 'பக்கம்' என்ற கணக்கில் மூளையின் பங்கு எவ்வளவு, கையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது லேசில்லை.

வலது மூளை அடிபட்டவர்களிடம் மனச்சோர்வு ஒளிந்துகொள்கிற விதமே வேறு. பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா. வலது மூளையின் பின்பக்கத்தில், பெரைட்டல் மடலில், பெரிய அடைப்பு. இடது கை துவண்டு மடியில் கிடக்கிறது. "கை எப்படிம்மா இருக்கு?" என்றால், "அதுக்கென்ன தாயி, நல்லாத்தான் இருக்கு" என்பார். தூக்குங்கள் என்றால் "தூக்கிட்டேனே" என்பார். பொய்யில்லை. தன் பாதி உடம்பு செயலிழந்தது மூளைக்கே தெரியாத நிலை அது. பாபின்ஸ்கி 1914-ல் பாரிஸில் இதற்குப் பெயர் வைத்தார். இடது பக்க உலகமே அந்த அம்மாவுக்கு இல்லை. தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு முடிந்தது என்பார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவார். குரலும் தட்டையாகிவிட்டது. காபி கேட்பதும் புருஷன் செத்த கதை சொல்வதும் ஒரே சுருதி. எலியட் ராஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1970-களின் கடைசியிலிருந்தே இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்: உள்ளே உணர்ச்சி இருக்கும், குரலிலும் முகத்திலும் வராது.

மகனுக்குப் பெருமை. "அம்மா அழவே இல்ல மேடம், தைரியமா இருக்காங்க."

வாரங்கள் போயின. இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய கணக்குக்குள் வரத் தொடங்கியது, வேலை பலிக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். பயிற்சிக்காகக் கொஞ்சம் மல்லியும் வாழைநாரும் கொண்டுபோனேன். பூவின் காம்புகளை எதிரெதிராக வைத்து இடது கைவிரல்கள் இடுக்கிப் பிடிக்க வேண்டும், வலது கை நாரைச் சுற்றி முடிச்சிட வேண்டும். பூவெல்லாம் மடியில் கொட்டியது. வலது கையால் தன் இடது கையை எடுத்து மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "போதும் தாயி" என்றார், காபி கேட்கிற அதே சுருதியில். அடுத்த தடவை போனபோது தட்டில் வலது பாதியும் அப்படியே இருந்தது. தட்டைத் திருப்பி வைத்தேன், தொடவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார் என்று மருமகள் சொன்னாள். கைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாத வரை வராத சோர்வு, தெரிந்ததும் வந்தது. அழுகை வரவில்லை, முகம் மாறவில்லை, குரல் மாறவில்லை. மகனைப் பொறுத்தவரை அவர் இன்னும் தைரியமாகத்தான் இருந்தார்.

கணக்குப்பிள்ளையின் குரல் தட்டையானது நோயின் அறிகுறி. பூக்கார அம்மாவின் குரல் தட்டையாக இருந்தது அடிபட்ட இடத்தின் விளைவு. அதைக் கழித்துவிட்டுத்தான் நோயைத் தேட வேண்டும். எனக்குப் படம் உதவுவது இங்கேதான். சோர்வு வருமா வராதா என்று அதைப் பார்த்து ஜோசியம் சொல்ல மாட்டேன். வந்தால் எந்த வேஷத்தில் வரும், யாரைக் கேட்க வேண்டும், யார் சொல்வதை நம்பக் கூடாது என்பதற்குப் பக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

மனச்சோர்வு போல வேஷம் போடுகிற வேறு இரண்டும் உண்டு. மூளையின் ஆழத்தில், பேசல் கேங்லியாவில், சின்னதாக அடைத்த லாரி டிரைவர் ஒருவர் நாள் முழுக்க நாற்காலியில். குளிக்கச் சொன்னால் குளிப்பார், சொல்லாவிட்டால் மாட்டார். துக்கமா என்றால் இல்லை, சந்தோஷமா என்றால் அதுவும் இல்லை. இது மனச்சோர்வு அல்ல, உந்துதலே அற்றுப்போன நிலை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாத்திரை கொடுத்தால் பலன் குறைவு. சுவரில் நேரப்பட்டியல் ஒட்டி, மணிக்கு மணி ஒருவர் எழுப்பிவிடுவது இவருக்கு மாத்திரையைவிடப் பலன் தந்தது. அந்த வீட்டுக்காரம்மாவிடம் "சோம்பேறித்தனம் இல்லம்மா" என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பவில்லை. ஓய்வுபெற்ற கண்டக்டர் இதற்கு நேர் எதிர். யாரைப் பார்த்தாலும் விம்மி அழுவார். தெருவே பரிதாபப்பட்டது. அவரோ மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்குக் கவலையே இல்லம்மா, அழுகைதான் வருது" என்றார். துஷ்டி வீட்டில் சிரித்துவிட்டதுதான் அவருக்கு உண்மையான கவலை. அழுகையையும் சிரிப்பையும் அடக்கி வைக்கிற நரம்புப் பாதை அறுந்தால் இப்படி ஆகும். மனச்சோர்வு மாத்திரையையே குறைந்த அளவில் கொடுத்தால் சில நாட்களில் கட்டுப்படும்.

இடம் பற்றிய பழைய வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது 2019-ல் ஹார்வர்டு பக்கமிருந்து அது திரும்பி வந்தது. மைக்கேல் ஃபாக்ஸின் குழு 461 பேரின் மூளைச் சேதப் படங்களை எடுத்து, அடிபட்ட புள்ளியை மட்டும் பார்க்காமல், அந்தப் புள்ளி வேறெந்தப் பகுதிகளோடு தொடர்பில் இருக்கும் என்று வரைந்து பார்த்தது. புள்ளிகள் சிதறித்தான் கிடந்தன. ஆனால் மனச்சோர்வு வந்தவர்களின் புள்ளிகள் எங்கெங்கோ இருந்தாலும் அவற்றின் தொடர்புகள் ஒரே சுற்றில் போய்ச் சேர்ந்தன. அதன் முக்கியமான சந்திப்பு இடது முன்மடலின் மேல்பக்கம். எந்தத் தெருவில் மின்கம்பம் சாய்ந்தாலும் அதே லைனில் இருக்கிற வீட்டில்தான் விளக்கு அணைகிறது. மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை கொடுக்கும்போது கருவியை வைப்பதும் அந்த இடது முன்மடலில்தான். ராபின்சனை முன்வாசலில் அனுப்பிவிட்டுக் கொல்லைப்புறமாக உள்ளே அழைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும். இந்த வரைபடத்தைப் பார்த்துத் தனி ஒருவருக்கு ஆருடம் சொல்ல இன்னும் முடியாது.

மாத்திரையைப் பற்றி எங்கள் தொழிலில் ஒரு ஆசை வந்து போனது. பிரான்ஸில் 118 பேரைச் சேர்த்து ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சோதித்ததில் கை கால் அசைவே கூடுதலாகத் தேறியது என்று 2011-ல் சொன்னார்கள். பிசியோவும் மாத்திரையும் சேர்ந்தால் போதும் என்று எழுந்த உற்சாகம் 2019 வரை இருந்தது. பிரிட்டனில் 3,127 பேரைச் சேர்த்து நடத்திய ஃபோக்கஸ் ஆய்வு, ஆறு மாதம் கொடுத்தும் அன்றாடச் செயல்திறனில் வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிட்டது. மனச்சோர்வு வருவது குறைந்தது. எலும்பு முறிவு கூடியது. எலும்பு முறிவு என்பது எனக்கு வெறும் எண்ணல்ல. செயலற்ற பக்கத்து எலும்பு ஏற்கெனவே இளைத்திருக்கும், கால் வேறு தடுமாறும். அதனால் எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. சோர்வு உறுதியானவருக்குக் கொடுக்காமல் விடுவதிலும் இல்லை. இந்த மாத்திரையால் வயதானவருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கலாம், பார்க்கச் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் நினைவுபடுத்துவேன். பலன் தெரிய வாரங்கள் ஆகும், பத்து நாளில் நிறுத்திவிடாதீர்கள் என்று வீட்டில் சொல்வேன்.

பூக்கார அம்மாவின் மகன் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "மனநல டாக்டரா? அம்மா பைத்தியம் இல்ல மேடம்." பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எழுதுகிற அதே நரம்பு டாக்டரிடமே பேசி, அதே சீட்டில் ஒரு வரி கூட்டி எழுத வைத்தேன். தட்டு மறுபடி பாதி காலியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது இன்னொருத்தி கட்டுவதற்கு நார் கிழித்துக் கொடுக்கிறார். வியாபாரத்தில் பாதிக்கூலி. அதில் அவருக்கு மனத்தாங்கல் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். கணக்குப்பிள்ளை வீட்டில் கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. மாத்திரை தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது, கிண்டலை முழுசாகத் திருப்பித் தரவில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் எந்தப் பக்கம், எவ்வளவு பலம், பிரஷர் எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். மனநிலைக்கு இருக்காது. நான் பேனாவால் ஓரத்தில் எழுதுவேன்: 'வலது மூளை, "நல்லா இருக்கேன்" என்பதை நம்ப வேண்டாம், சாப்பாட்டைப் பாருங்கள்.' 'இடது மூளை, பேச்சில்லை, மனைவியைக் கேளுங்கள்.' புதிதாக வந்த பையன் ஒருவன், "இது நம்ம வேலையா மேடம்?" என்று கேட்டான். டாக்டர் கட்டிலருகே இரண்டு நிமிடம் நிற்கிறார், நர்ஸுக்கு நாற்பது பேர். முக்கால் மணி நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார் என்று அவனைத் திருப்பிக் கேட்டேன்.